ஆதியாகமமும் நடுவில் நின்ற நானும்

சபைகள் நடத்துகிற கன்வென்ஷன் கூட்டங்களின் நோட்டீஸில் பிரசங்கியாரின் படம் பெரிதாக இருக்கும். பாடகர் குழுவின் பெயர் இருக்கும். மைக் செட் வைத்தவரின் கைப்பேசி எண்கூடக் கீழே ஓர் ஓரத்தில் இருக்கும். மொழிபெயர்க்கிறவரின் பெயர் மட்டும் இருக்காது. இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள் முதலில் இதற்குப் பழகிக்கொள்ளுங்கள். நான் திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் ஆங்கிலம் நடத்திக்கொண்டே சனி ஞாயிறுகளில் மேடை ஏறினேன். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் ஏறினேன். இடது காது மந்தமானதால்தான் நிறுத்தினேன். பிரசங்கியார்கள் எல்லாரும் ஏனோ என் இடப்பக்கமாகவே நின்றார்கள்.

போன பயிற்சி வகுப்பில் உங்களில் ஒரு தம்பி கேட்டார்: “டீச்சர், பிரசங்கியார் சொல்றது நமக்கு ஒத்துக்கலைன்னா இன்னா பண்றது? லேசா மாத்திச் சொல்லலாமா?” எல்லாரும் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு முழுக் கதை என்னிடம் இருக்கிறது. அன்றைக்கு நேரம் போதவில்லை. இப்போது எழுதித் தருகிறேன்.

சில வருடங்களுக்கு முன், கோடை விடுமுறையில், திண்டிவனத்தில் மூன்று மாலைக் கூட்டங்கள் நடந்தன. பேச வந்தவர் வெளிநாட்டுக்காரர். வயதானவர், முழங்கால் வலிக்காரர். ஆதியாகமத்தின் படைப்பு அதிகாரங்களை எடுத்துக்கொண்டார். மொழிபெயர்க்கிறவளுக்கு மூச்சுவிட இடம் கொடுக்கத் தெரிந்த மனிதர் அவர். வாக்கியத்தை முடித்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். நான் முடித்ததும் தலையசைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடங்குவார். அப்படிப்பட்டவர்கள் குறைவு. கிடைத்தால் நன்றி சொல்லுங்கள்.

முதல் மாலையே எனக்குச் சோதனை வந்தது. ஆங்கிலத்தில் ‘டே’ என்ற ஒரே சொல்லை அவர் ஒரே மூச்சில் மூன்று இடங்களில் சொன்னார். தேவன் வெளிச்சத்துக்கு வைத்த பெயர் அது. அந்த முதல் நாள் முடிந்தபோதும் அதே சொல். இரண்டாம் அதிகாரத்தில் வானமும் பூமியும் உண்டான முழு வேலையையும் சேர்த்துச் சொல்லும்போதும் அதே சொல். தமிழில் முதலாவது பகல். இரண்டாவது நாள். மூன்றாவது? ‘காலத்தில்’ என்று நான் சொல்லியிருந்தால், படைப்பின் நாட்கள் நீண்ட காலங்கள் என்று வாதிடுகிறவர்களின் கட்சியில் நான் சேர்ந்துவிட்டேன் என்று அர்த்தம். அது அவருடைய கட்சி அல்ல. ‘நாளில்’ என்றேன். தமிழ் வேதாகமத்திலும் அந்தச் சொல்தான் இருக்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் உங்கள் மூளைக்குள் தேடாதீர்கள். கையில் இருக்கிற வேதாகமத்தில் எந்தச் சொல்லோ அதைச் சொல்லுங்கள். சண்டை போடுகிறவர்கள் அந்தச் சொல்லோடு போட்டுக்கொள்ளட்டும்.

இரண்டாம் மாலை அவர் சூடாக இருந்தார். முற்பிதாக்களின் வயதுகளைக் கூட்டிக் காட்டி, பூமிக்கு வயது சில ஆயிரம்தான் என்றார். பிறகு பிரசங்க பீடத்தைக் கையால் தட்டி, “பூமிக்குக் கோடிக்கணக்கான வயது என்று சொல்கிறவர்கள் தேவனைப் பொய்யராக்குகிறார்கள்” என்றார்.

அதே சூட்டோடு நானும் தமிழில் சொன்னேன். பீடத்தைத் தட்டவில்லை, அவ்வளவுதான்.

சொல்லி முடித்த கணத்தில் பந்தலில் பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து ஒரு பெண் எழுந்து வெளியே நடந்தாள். யாரென்று தெரிந்தது. கிளியனூர் சபை மூப்பர் இஸ்ரவேலின் மகள் பிரிசில்லா. இஸ்ரவேல் கல் குவாரியில் வேலை செய்கிறவர். வெடிமருந்து வைத்துப் பாறையை உடைக்கிற வேலை. அவருடைய அப்பா அம்மா அடுத்தவர் நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கி வாழ்ந்தவர்கள். அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் இந்தப் பெண்தான். அவள் சேலத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த பாடம் ஜியாலஜி. பாறைகளின் வயதைக் கணக்கிடுகிற படிப்பு.

மறுநாள் காலையில் இஸ்ரவேல் என் வீட்டுக்கு வந்துவிட்டார். நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

“டீச்சர், பொண்ணைப் படிப்பை விட்டு நிறுத்திடலாம்னு கீறேன். லீவு முடிஞ்சி அனுப்பப் போறதில்ல. உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.”

“ஏன் மூப்பரே, அவசரப்படறீங்க?”

“நேத்து ராத்திரி வூட்டுல ஒரே பேஜாரு. ‘நான் பொய்க்காரியாப்பா’ன்னு கேட்டு அழுவுறா. சோறு துன்னல. நான் மூப்பர் டீச்சர். ஞாயித்துக்கெழம பசங்களுக்கு ஆறு நாளு, ஆறு நாளுன்னு சொல்லிக்குடுக்கறவன். எம்பொண்ணு போயி தேவனைப் பொய்யராக்குற படிப்பு படிச்சிக்கினு இருந்தா, நான் எப்டி அங்க நிக்கறது?”

“அது பிரசங்கியார் சொன்னதுங்க.”

“அவுரு இன்னா சொன்னாருன்னு எனக்கு இன்னா தெரியும் டீச்சர்? நான் உங்க வாயாலதான கேட்டேன்.”

இத்தனை வருடத்தில் என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. உண்மைதான். பந்தலில் இருந்தவர்களில் பாதிப் பேருக்குமேல் அந்த வெளிநாட்டுக்காரரின் ஒரு வார்த்தைகூடப் புரியாது. அவர்கள் கேட்டதெல்லாம் திண்டிவனத்து டீச்சர் ஒருத்தியின் குரல். பிரிசில்லாவை எழுப்பி வெளியே அனுப்பியதும் அந்தக் குரல்தான்.

அப்படியானால் நான் முந்தின மாலை மென்மையாக்கிச் சொல்லியிருக்க வேண்டுமா? தம்பி, உங்கள் கேள்விக்கு இப்போது வருகிறேன். இல்லை. நான் மென்மையாக்கியிருந்தால் அன்றைக்கு அந்தப் பெண் எழுந்து போயிருக்க மாட்டாள்; ஆங்கிலம் படித்தவள்தான், ஆனால் மைக்கில் வந்த அந்த வெளிநாட்டு உச்சரிப்பு பிடிபடாமல் என் தமிழைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் ஆங்கிலம் தெரிந்தவர்களும் பந்தலில் இருந்தார்கள். யூடியூபில் நேரலையாகவும் போய்க்கொண்டிருந்தது. நாலு நாளில் அவளுக்கே விஷயம் தெரிந்திருக்கும். பிறகு என் வாயிலிருந்து வருகிற எந்த வார்த்தையையும் அவள் நம்பியிருக்க மாட்டாள். அடுத்து நடந்தது எதுவும் நடந்திருக்காது.

எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், அவருக்கே பிடிக்காது. மேடையில் ஒரு விஷயத்தில் அவர் கண்டிப்பானவர். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. நம்முடைய சொந்த வார்த்தை ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், ஓரடி தள்ளி நின்று, ‘இது என் பேச்சு’ என்று இரண்டு பக்கத்துக்கும் தெரியும்படி சொல்லிவிட்டுப் பேச வேண்டும். அவர் சொன்ன அந்த ஓரடியை நான் அதுவரைக்கும் எடுத்து வைத்ததே இல்லை.

“மூப்பரே, நிறுத்துறதுன்னா நிறுத்துங்க. உங்க பொண்ணு, உங்க இஷ்டம். ஆனா பிரசங்கியார்கிட்ட நீங்களே கேட்டுட்டு நிறுத்துங்க. நான் நடுவுல நிக்கறேன்” என்றேன்.

சர்ச் வளாகத்து விருந்தினர் அறையில் பிரசங்கியார் முழங்காலில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இஸ்ரவேல் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார். கேள்வியை ஒரே வரியில் கேட்டார்: “பூமிக்கு எவ்ளோ வயசுன்னு கணக்குப் போடற படிப்பை ஒரு விசுவாசி வூட்டுப் புள்ள படிக்கலாமா, கூடாதா?”

மொழிபெயர்த்தேன். பிரசங்கியார் மகிழ்ந்துபோனார். வேதம் கற்க வந்த ஒருவருடைய பொதுவான கேள்வி என்று நினைத்துக்கொண்டார். முற்பிதாக்களின் வம்ச வரலாற்றை மறுபடி எடுத்தார். நான் வரிக்கு வரி சொன்னேன். இஸ்ரவேல் கைகட்டிக் கேட்டார். கடைசியில், “சரிங்க ஐயா, அப்போ நிறுத்திடறேன்” என்றார்.

அதையும் சொன்னேன். பிரசங்கியார் என்னைப் பார்த்து, “எதை நிறுத்துகிறார்?” என்று கேட்டார்.

அங்கேதான் எழுந்து ஓரடி தள்ளி நின்றேன். இஸ்ரவேலிடம் தமிழில், “இப்ப நான் பேசறது என் சொந்தப் பேச்சு, நீங்க சொன்னது இல்ல” என்றேன். பிரசங்கியாரிடமும் ஆங்கிலத்தில் அதையே சொன்னேன். பிறகு, இவருடைய மகள் நேற்று பந்தலில் இருந்தாள், இந்தப் படிப்பைத்தான் படிக்கிறாள், இந்தக் குடும்பத்தில் படிக்கப் போன முதல் பிள்ளை, உங்கள் ஒரு வாக்கியத்துக்காக இவர் அவளை நிறுத்தப்போகிறார் என்றேன். சொன்னதை அப்படியே தமிழிலும் இஸ்ரவேலுக்குச் சொன்னேன். என்னை அழைத்த கமிட்டிக்கு இது தெரிந்தால் அடுத்த வருடம் என்னை அழைக்க மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். மறுபடி பழைய இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டேன்.

பிரசங்கியார் வெந்நீர்ப் பையை எடுத்துக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “என் ஊரில் படித்தவர்கள் சிலர் என் அப்பாவின் விசுவாசத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். நேற்று நான் பேசியது அவர்களோடு. இவருடைய மகளோடு அல்ல. அவள் அங்கே இருப்பது எனக்குத் தெரியாது.”

சொன்னேன்.

“என் சபையில் அந்த ஆறு நாட்களை நீண்ட காலங்கள் என்று வாசிக்கிற விசுவாசிகள் இருக்கிறார்கள். அவர்கள் வாசிப்பது தவறு என்றுதான் நான் நினைக்கிறேன். ஒவ்வொரு மாதமும் அவர்களோடு உட்கார்ந்து திருவிருந்து அப்பம் எடுக்கிறேன்.”

இங்கே கவனியுங்கள். நடுவில் இருக்கிற அந்த ‘தவறு’ என்ற வாக்கியத்தை விட்டுவிட்டால் போதும், பெண்ணின் படிப்பு பிழைத்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் தமிழில் அழகாக ஒட்டிக்கொள்ளும். யாருக்கும் தெரியப்போவதில்லை. அறையில் காமிரா இல்லை. நாக்கின் நுனிவரை வந்தது. விடாமல் சொன்னேன். மூன்றையும், அவர் சொன்ன வரிசையிலேயே.

இஸ்ரவேல் அதை வாய்க்குள் ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தார். “தப்புன்னும் சொல்றாரு. கூட உக்காந்து அப்பமும் எடுக்கறாரு.” பிறகு என்னிடம், “இவரு நல்லதுக்காகச் சும்மா ஆறுதல் சொல்லல டீச்சர். சும்மா சொல்றவரா இருந்தா தப்புன்னு சொல்லியிருக்க மாட்டாரு” என்றார்.

நான் விழுங்கப் பார்த்த அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவர் மீதியை நம்பினார். அதை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பயமாக இருக்கிறது. விடாமல் இருந்ததற்கு என் புத்தி காரணமில்லை. பழக்கம் காரணம். அந்தப் பழக்கத்தைத் தந்தவருக்கு அன்றைக்கு மனசுக்குள் நன்றி சொன்னேன்.

பிரசங்கியார் அந்தப் பெண்ணைப் பார்க்க வேண்டும் என்றார். கைப்பேசியில் கூப்பிட்டோம். பஸ் ஏறி வந்தாள். கண் வீங்கியிருந்தது. பிரசங்கியார் அவளிடம் நேரடியாக மன்னிப்புக் கேட்டார். அந்த ஒன்றை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை. அவளுக்கே புரிந்தது. பிறகு அவர், “நீ படிப்பதை எனக்குக் காட்ட முடியுமா?” என்று கேட்டார்.

“திருவக்கரைக்குப் போலாம் டீச்சர். கல்மரம் கீதே” என்றாள்.

எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த இடம். மரங்கள் கல்லாகிக் கிடக்கிற பூங்கா. இஸ்ரவேல் குவாரிக்குப் போகும்போதெல்லாம் அந்த வழியாகத்தான் போவார். ஒருநாளும் உள்ளே போனதில்லை. கமிட்டியின் வேனில் நாங்கள் நான்கு பேரும் புறப்பட்டோம். வழியெல்லாம் பிரசங்கியாருக்கு முழங்கால் வலி, இஸ்ரவேலுக்கு யோசனை.

செம்மண்ணில் பெரிய பெரிய அடிமரங்கள் படுத்துக் கிடந்தன. பட்டையும் கணுவும் வரியும் அப்படியே தெரிந்தன. தொட்டால் கல். பிரிசில்லா தமிழில் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் சொன்னேன். எங்கேயாவது நான் அவள் பாடத்துச் சொல்லில் தடுக்கினால் அவளே ஆங்கிலத்தில் எடுத்துக் கொடுத்தாள்.

“இதுங்க இங்க வளர்ந்த மரம் இல்ல. வேரு, கிளை எதுவும் காணோம் பாருங்க. எங்கியோ வளர்ந்ததை ஆத்து வெள்ளம் அடிச்சிக்கினு வந்து இங்க போட்டுச்சி” என்றாள்.

பிரசங்கியார் முகம் மலர்ந்தது. “வெள்ளமா?” என்றார்.

“ஐயா நினைக்கிற அந்த வேதாகமத்து வெள்ளம் இல்லன்னு சொல்லுங்க டீச்சர்” என்றாள். சொன்னேன். மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். காலையிலிருந்து அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அவள் குனிந்து ஒரு மரத்தின் வரியை விரலால் காட்டினாள். மணலுக்குள் புதைந்த மரத்தில் தண்ணீர் இறங்கியதையும், மரம் துளித்துளியாகக் கரைந்து போன இடத்தில் கல் துளித்துளியாக வந்து உட்கார்ந்ததையும் சொன்னாள். அதற்கு ஆன காலத்தைக் கோடியில் சொன்னாள். அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

இஸ்ரவேல் அந்த மரத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். உள்ளங்கையை அதன்மேல் வைத்தார். நெடுநேரம் எடுக்கவில்லை.

“நாங்க குழி போட்டு மருந்து வெச்சா, கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள மலையே பொடியாயிடுது டீச்சர்” என்றார். “ஆண்டவரு பாரு, இன்னா பொறுமையா செஞ்சிருக்காரு.”

பிரசங்கியார் என் முகத்தைப் பார்த்தார், வழக்கம்போல. நான் வாயைத் திறந்தேன். பொறுமைக்கு எந்த ஆங்கிலச் சொல்லை எடுப்பது?

நம் ஊர்ப் பேச்சில் பொறுமை இரண்டு. பஸ்ஸிலிருந்து பொறுமையா இறங்குங்க என்று கண்டக்டர் சொல்வது மெதுவாக என்ற அர்த்தத்தில். தேவன் நம்மிடம் காட்டுகிற பொறுமை என்று சபையில் சொல்வது வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் இரண்டு சொற்கள். மெதுவாக என்ற சொல்லை எடுத்தால், ஒரு மூப்பர் பூமியின் வயதில் மகளுடைய கணக்கை ஏற்றுக்கொண்டார் என்று ஆகிவிடும். மற்றதை எடுத்தால், அவர் தேவனுடைய குணத்தைப் புகழ்ந்தார், வயதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று ஆகிவிடும். பிரிசில்லாவுக்கு இரண்டு மொழியும் தெரியும். அவளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தகப்பன் என்ன சொன்னான் என்பதை மகளின் முன்னால் தீர்மானிக்கிற உரிமை எனக்கு எங்கிருந்து வந்தது?

ஆகவே கேட்டேன். உங்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன். தெரியாதபோது கேட்பது அவமானம் இல்லை.

“மூப்பரே, எந்தப் பொறுமைன்னு சொல்றீங்க? மெதுவான்னா, இல்ல நம்மகிட்ட பொறுத்துப் போறாரே, அந்தப் பொறுமையா?”

இஸ்ரவேல் கையை எடுக்காமலே மகளை நிமிர்ந்து பார்த்தார். காலையிலிருந்து அப்போதுதான் பார்த்தார்.

“ரெண்டுந்தான் டீச்சர்” என்றார். “ரெண்டையும் சொல்லுங்க.”

இரண்டையும் சொன்னேன். சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருப்பதையும், நான் கேட்டதையும், அவர் சொன்ன பதிலையும் விளக்கினேன். பிரசங்கியார் தொப்பியைக் கழற்றினார். “இரண்டாவது பொறுமைக்கு இப்போதே ஆமென் சொல்கிறேன். முதலாவதைப் பற்றி தேவனை நேரில் பார்க்கும்போது கேட்டுக்கொள்கிறேன். அதுவரைக்கும் இந்தப் பெண் என்ன செய்வாள் என்று கேளுங்கள்” என்றார்.

“அதுவரைக்கும் நான் படிச்சிக்கினு இருக்கேன்னு சொல்லுங்க டீச்சர்” என்றாள். குரல் அழுகையும் சிரிப்புமாக இருந்தது. இஸ்ரவேல் மறுக்கவில்லை. அவ்வளவுதான் அந்த வீட்டுத் தீர்ப்பு.

அன்று மாலை, கடைசிக் கூட்டத்தில், பிரசங்கியார் எழுந்தவுடன், ஆறு நாள் ஆறு நாள்தான் என்று தான் இன்னமும் நம்புவதாகச் சொன்னார். வேறுவிதமாக வாசிக்கிறவர்கள் தேவனைப் பொய்யராக்குகிறார்கள் என்று முந்தின மாலை சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார். மேடையில் சொன்னதை மேடையிலேயே திரும்ப எடுத்துக்கொண்ட பிரசங்கியாரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கமிட்டி என்னிடம் கொஞ்ச நாள் முகம் கொடுக்கவில்லை. பிறகு அழைத்தார்கள்.

எனக்கும் பூமியின் வயதைப் பற்றி ஒரு கருத்து உண்டு. பலர் கேட்டிருக்கிறார்கள். மேடையில் நின்ற காலமெல்லாம் சொன்னதில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை. அதைச் சொல்லிவிட்டால் இஸ்ரவேல் மாதிரி ஒருவரும் பிரிசில்லா மாதிரி ஒருத்தியும் ஒரே நேரத்தில் என் வீட்டுக்கு வர முடியாது.

பிரிசில்லா படித்து முடித்தாள். இப்போது நிலத்தடி நீர் சம்பந்தமான வேலையில் வேறு மாவட்டத்தில் இருக்கிறாள். ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் விழுப்புரம் ஜங்ஷனில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்துக் கிளியனூருக்கு வருவாள். ஆராதனை முடிந்ததும் என்னையும் சாப்பிடக் கூப்பிடுவார்கள். இஸ்ரவேல் ஞாயிறு வகுப்பில் இன்னும் ஆறு நாள் என்றுதான் சொல்லித் தருகிறார். இலை போடுவதற்குள் அப்பாவும் மகளும் ஆரம்பித்துவிடுவார்கள். நாலாம் நாள்தான் சூரியனையே உண்டாக்கினார் என்றால் முதல் மூன்று நாளை எதை வைத்து அளந்தார்கள் என்று அவள் கேட்பாள். அளந்தவருக்குத் தெரியாதா என்று அவர் கேட்பார். குரல் தெருவரைக்கும் கேட்கும். “ரெண்டு பேரும் ஜல்தி உக்காருங்க, பிரியாணி ஆறிப்போவுது” என்று அந்த வீட்டு அம்மா கத்துவார். ஆறிப்போன பிரியாணியைத்தான் நான் ஒவ்வொரு வருடமும் அந்த வீட்டில் சாப்பிடுகிறேன். அதைவிட ருசியான சாப்பாடு எனக்கு வேறு எங்கும் கிடைத்ததில்லை.